பத்தாம் வகுப்பில் உலகமயமாதல்: வரலாற்றுப் பாடமா, பொருளியல் பாடமா?

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் உலகமயமாதல் இரண்டு முறை வருகிறது. மத்தியப் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் வரலாற்று நூலில் அது பட்டுப்பாதையில் தொடங்கி, போருக்குப் பிந்தைய உலகப் பண ஏற்பாட்டை வகுத்த 1944 பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டையும் தாண்டி வருகிறது. அதே பிள்ளையின் பையில் இருக்கும் பொருளியல் நூலிலோ பன்னாட்டு நிறுவனங்களில் தொடங்கி, இந்தியா வர்த்தகக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய 1991 தாராளமயம் வழியாக உலக வர்த்தக அமைப்புக்குப் போகிறது. இரண்டையும் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். ஒன்றை ஜூலையில் முடித்தால் மற்றது நவம்பரில்தான் வரும். நடுவில் தேர்வுகள். பிள்ளைகள் இரண்டும் வேறு வேறு சங்கதி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பாடவேளை போதாதபோது எதை ஊன்றி நடத்துவது என்று புதிதாக வந்த ஆசிரியர்கள் கேட்பதுண்டு.

பொருளியல் பாடத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஒரு நிறுவனம் ஏன் ஒரு நாட்டில் வடிவமைத்து, இன்னொரு நாட்டில் உதிரிபாகம் செய்து, வேறொரு நாட்டில் பொருத்துகிறது என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. ஓசூரில் கெப்பாசிட்டர் என்ற மின்னணு உதிரிபாகம் செய்யும் ரவி என்பவரின் கதையும் அதில் உண்டு. 1992இல் வங்கிக் கடன் வாங்கித் தொழில் தொடங்குகிறார். 2001இல் இறக்குமதிக் கட்டுப்பாடு நீங்குகிறது. வெளிநாட்டுச் சரக்கு பாதி விலைக்குக் கிடைப்பதால் டிவி கம்பெனிகள் இவரிடம் வாங்குவதைக் குறைத்துக்கொள்கின்றன. இதைப் படிக்கும்போது, "அரசாங்கம் தடுத்திருக்கலாமே மிஸ்?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். நல்ல கேள்வி. ஆனால் 1991ஐ ஒட்டியே நின்றுகொண்டு அதற்கு முழுப் பதில் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல், நிகழ்கால எடுத்துக்காட்டுகள் சீக்கிரம் பழசாகிவிடும். ஃபோர்டு 1995இல் இந்தியா வந்து 1,700 கோடி ரூபாய் செலவில் சென்னை அருகே ஆலை அமைத்ததைத்தான் இந்தப் பாடத்தில் பல ஆண்டுகள் நடத்தினோம். 2021 செப்டம்பரில் அந்த நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறுவருடம் மறைமலை நகர் ஆலையில் வேலை நின்றது. ஆலை வந்த கதையைச் சொன்ன பாடத்தில், போனதைப் பற்றிப் பேச இடமில்லை.

ரவியைப் பற்றிய கேள்விக்குப் பதில் வரலாற்றுப் பாடத்தில் இருக்கிறது. 1800 வாக்கில் இந்திய ஏற்றுமதியில் பருத்தித் துணியின் பங்கு சுமார் 30 விழுக்காடு. 1815இல் அது 15 ஆனது. 1870களில் 3க்கும் கீழே போய்விட்டது. பிரிட்டன் தன் நெசவுத் தொழிலைக் காக்க இறக்குமதித் துணிக்கு வரி போட்டது. ஆலைகள் வளர்ந்த பிறகு தன் துணியை இங்கே கொண்டுவந்து குவித்தது. இதைப் படித்துவிட்ட பிள்ளைக்கு, சுதந்திர இந்தியா ஏன் இறக்குமதிக்குத் தடை போட்டது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. வர்த்தகத் தடை என்ற சொல்லைக் கேட்டால் யார் போடுகிறார்கள், எப்போது எடுக்கிறார்கள், யாருக்காக என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். நெசவாளரும் ரவியும் ஒரே கதையின் இரண்டு முனைகள் என்பது அப்போதுதான் புரியும்.

அதே வரலாற்றுப் பாடத்தில் வரும், மாடுகளைக் கொல்லும் வெக்கை நோயை நான் ஒருபோதும் அவசரமாக முடித்ததில்லை. 1880களின் கடைசியில் எரித்ரியாவுக்குள் நுழைந்த இத்தாலியப் படைக்கு உணவாக ஆசியாவிலிருந்து மாடுகள் போயின. நோயும் கூடவே போனது. 1892இல் அட்லாண்டிக் கரை, அடுத்த ஐந்தாண்டில் தென்முனை. ஆப்பிரிக்க மாடுகளில் 90 விழுக்காடு செத்தன. அதுவரை நிலமும் மாடும் இருந்ததால் கூலிக்குப் போகாமல் வாழ்ந்த மக்களுக்கு, அதன்பின் சுரங்கத்தையும் தோட்டத்தையும் விட்டால் வழியில்லை. கோமாரி வந்து வீட்டில் ஒரு மாடு போனதைப் பார்த்த பிள்ளைகள் இந்த இடத்தில் சத்தமே இல்லாமல் கேட்பார்கள்.

அப்புறம், ஒப்பந்தத்தில் கட்டுண்டு வெளிநாட்டுத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள். தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் போனார்கள் என்று புத்தகம் சொல்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் சேர்ந்ததையும் நான் சேர்த்துச் சொல்வேன். மிளகாய், தக்காளி, நிலக்கடலை எல்லாம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோருக்குத் தெரியாது என்பதற்கு ஐந்து நிமிடம் போதும். மிளகாய் என்ற பேரிலேயே மிளகு ஒட்டிக்கொண்டிருக்கிறதே.

வரலாற்றுப் பாடத்துக்கும் குறை உண்டு. நேரம் நிறைய எடுக்கும். கதையில் லயித்த பிள்ளைகளிடம், இன்று ஒரு பன்னாட்டு நிறுவனம் உள்ளூர் கம்பெனியை வாங்கினால் என்ன நடக்கும் என்று கேட்டால் திணறுவார்கள். அதற்குப் பொருளியல்தான் வேண்டும்.

சி.பி.எஸ்.இ.யின் 2023-24 பாடத்திட்டத்தில், இந்த வரலாற்றுப் பாடத்தின் தொடக்கப் பகுதியை மட்டும் பொதுத்தேர்வுக்கு வைத்துவிட்டு, 19ஆம் நூற்றாண்டு முதலான பகுதியைப் பொருளியலோடும் புவியியலோடும் இணைத்துச் செயல்திட்டமாக்கினார்கள். இணைத்தது நல்ல யோசனை. ஆனால் பொதுத்தேர்வில் கேட்காததை எத்தனை வகுப்பில் நடத்துவார்கள்? நெசவாளர், வெக்கை நோய், ஒப்பந்தக் கூலி மூன்றும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. எனக்கு இது பெரிய வருத்தம்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் உலகமயமாதல் பொருளியல் அலகாக வருகிறது. தென்னிந்தியரின் பழைய வணிகத்தைத் தொட்டுவிட்டு, இறக்குமதி வரிகளைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட 1947இன் காட் ஒப்பந்தம், 1995இன் உலக வர்த்தக அமைப்பு என்று போகிறது. பின்னணி இருப்பது நல்லது. ஆனால் பெரும்பகுதி குறிப்பு வடிவில் இருப்பதால் மனப்பாடத்துக்கு இழுத்துவிடும். 1930களின் உலகப் பொருளாதாரச் சரிவான பெருமந்தமும் பிரெட்டன் வுட்ஸும் வரலாற்று அலகுகளில் தனியே கிடக்கின்றன. ஆசிரியர்தான் முடிச்சுப் போட வேண்டும்.

என்னைக் கேட்டால், வரலாறு முதலில். ஆறு பாடவேளைதான் இருக்கிறதா? சரி, நான்கை வரலாற்றுக்குக் கொடுங்கள்: நெசவாளருக்கு இரண்டு, வெக்கை நோய்க்கு ஒன்று, கப்பலேறியவர்களுக்கு ஒன்று. மறுநாளே, நவம்பர் வரை காத்திருக்காமல், பொருளியல் நூலைத் திறந்து ரவியை நடத்துங்கள். கடைசிப் பாடவேளையில் பன்னாட்டு நிறுவனமும் உலக வர்த்தக அமைப்பும். வரையறைகளை வீட்டில் படித்துக்கொள்ளலாம்.