மணமுறிவுக்குப் பின் கிரீன் கார்டு: கூட்டு விண்ணப்பமா, தனி விலக்கா?

அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து, இரண்டு ஆண்டு நிறையுமுன்பே நிரந்தர வசிப்புரிமை பெற்றவருக்குக் கிடைப்பது 2 ஆண்டு மட்டும் செல்லும் நிபந்தனைக் கிரீன் கார்டு. நிபந்தனையற்ற 10 ஆண்டுக் கார்டு வைத்திருப்பவரின் வசிப்புரிமையை விவாகரத்து பறிப்பதில்லை. குடியுரிமைக்கு 3 ஆண்டிலேயே விண்ணப்பிக்கும் சலுகை போய், 5 ஆண்டு காத்திருக்க நேரும். இக்கட்டு நிபந்தனைக் கார்டுக்காரருக்குத்தான். நிபந்தனையை நீக்கும் ஐ-751 படிவத்தை அவர் துணையுடன் சேர்ந்து கொடுப்பதா, துணையும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்ற விதியிலிருந்து தனியாக விலக்குக் கோருவதா?

கூட்டு விண்ணப்பத்தைக் கார்டு காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பிரிந்து வாழ்ந்தாலும், விவாகரத்துத் தீர்ப்பு வராதவரை இவ்வழி திறந்தே இருக்கிறது. ஆனால் மனு நிலுவையில் இருக்கும்போதே தீர்ப்பு வந்துவிட்டால், அதை மறைக்காமல் தெரிவித்து, அதே மனுவை விலக்குக் கோரிக்கையாக மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். இதைவிடப் பெரிய ஆபத்து, அந்த ஒரு கையெழுத்து பேரம் பேசும் பொருளாகிவிடுவது. ஜீவனாம்சத்தையோ குழந்தையை வளர்க்கும் உரிமையையோ விட்டுக்கொடுத்து அதை வாங்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஏனெனில் விலக்குக்குத் துணையின் தயவு வேண்டியதில்லை. 90 நாள் வரம்பும் இல்லை. திருமணம் உண்மையான எண்ணத்துடன் நடந்தது என்பதையும் அது சட்டப்படி முறிந்தது என்பதையும் காட்டினால் போதும். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில், தக்க காரணத்துடன் விண்ணப்பதாரரே மணத்தை முறித்திருக்க வேண்டும் என்றிருந்தது. 1990-இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டதால், இன்று விவாகரத்தை யார் கோரினார்கள் என்பது பொருட்டல்ல. சான்றுகளின் சுமை மட்டும் முழுவதும் ஒருவர் தோளில் விழுகிறது. பெயருக்குத் திறந்து வைத்த கூட்டு வங்கிக் கணக்கு அதிகம் பேசாது; இருவர் சம்பளமும் வந்து விழுந்து, வாடகையும் மின்கட்டணமும் மளிகைச் செலவும் மாதாமாதம் போன கணக்கின் அறிக்கையே பேசும். வீட்டை விட்டு வெளியேறுமுன் இவற்றைப் படியெடுத்து வைப்பது நல்லது.

விலக்கின் உண்மையான பலவீனம் காலம். கலிஃபோர்னியாவில் எதிர்த்தரப்புக்கு மனு சேர்ப்பிக்கப்பட்டுக் குறைந்தது 6 மாதம் ஆகாமல் விவாகரத்து முடிவாகாது; தீர்ப்பு நகலின்றி இந்த விலக்கும் கிடைக்காது. ஆகவே பிரிவது உறுதியென்றால் வழக்கைத் தள்ளிப்போடாமல் தொடங்குவதே பாதுகாப்பு.

அடி உதையோ கடுங்கொடுமையோ நடந்திருந்தால் தீர்ப்புக்குக் காத்திருக்கவே வேண்டாம். அதற்குத் தனி விலக்கு உண்டு, மணவாழ்வு நீடிக்கும்போதே கோரலாம். நாடு கடத்தப்பட்டால் நேரும் கடும் இன்னலைக் காட்டும் விலக்கும் உண்டு எனினும், நிபந்தனைக் காலத்தில் எழுந்த சூழ்நிலைகளையே அதற்குக் கருதுவதால், அதை மட்டும் நம்புவது எளிதல்ல. பொருந்தும் காரணங்கள் பலவானால் ஒரே படிவத்தில் அனைத்தையும் குறிக்கலாம்.

எவ்வழியானாலும் முகவரி மாறிய 10 நாட்களுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும். முன்னாள் துணை வசிக்கும் பழைய வீட்டுக்கே நேர்காணல் அழைப்பு போய், உரியவர் வராமல் மனு நிராகரிக்கப்பட்டால், அடுத்து எதிர்கொள்ள வேண்டியது நாடு கடத்தல் விசாரணை.