ரோசலிண்டின் ஆண்வேடமும் வயோலாவின் ஆண்வேடமும்

ஷேக்ஸ்பியரின் நாயகிகளில் ஆண்வேடம் போட்டவர்கள் பலர். அவர்களில் எதிரெதிரே நிறுத்திப் பார்க்க வேண்டியவர்கள் 'ஆஸ் யூ லைக் இட்' ரோசலிண்டும் 'ட்வெல்ஃப்த் நைட்' வயோலாவும்தான். இரண்டு நாடகங்களும் 1600ஐ ஒட்டி எழுதப்பட்டவை. சித்தப்பா நாடுகடத்தியதால் ரோசலிண்ட், கானிமீட் என்ற பெயரில் ஆர்டன் காட்டுக்குப் போகிறாள். கப்பல் உடைந்து இலீரியாவில் கரையேறிய வயோலா, சிசாரியோ என்ற பெயரில் அந்நாட்டுப் பிரபு ஆர்சினோவிடம் வேலைக்குச் சேர்கிறாள்.

ரோசலிண்டுக்கு வேடத்தின் தேவை சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. முன்பே நாடுகடத்தப்பட்ட அப்பா அதே காட்டில்தான் இருக்கிறார். அவரை நேரிலும் சந்திக்கிறாள். எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று அவர் விசாரிக்க, உங்கள் குடும்பத்துக்குக் குறைந்ததில்லை என்கிறாள். அவரும் சிரித்துவிட்டு அனுப்பிவிடுகிறார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு ஏது? சொல்ல மனமில்லை, அவ்வளவுதான். அவளைக் காதலித்து மரந்தோறும் கவிதை தொங்கவிட்டுத் திரியும் ஆர்லாண்டோவிடம், "என்னையே ரோசலிண்டாக நினைத்துக் காதல் பேசு, உன் காதல் நோயைத் தீர்க்கிறேன்" என்கிறாள். அவன் மனம் அவளுக்குத் தெரியும். அவள் யாரென்று அவனுக்குத் தெரியாது. எனக்கு ஆர்லாண்டோ மீது கொஞ்சம் பரிதாபமே வருகிறது. ஒரே இடத்தில்தான் அவள் பிடி தளர்கிறது: அவனுடைய ரத்தம் தோய்ந்த கைக்குட்டையைக் கண்டு மயங்கி விழுகிறாள். எழுந்ததும், எப்படி நடித்தேன் பார்த்தாயா என்று சமாளிக்கிறாள். கைக்குட்டையைக் கொண்டுவந்த ஆர்லாண்டோவின் அண்ணன் ஆலிவர் நம்பவில்லை, முகம் வெளிறியது நடிப்பில்லை என்று சொல்லிவிடுகிறான்.

ரோசலிண்டின் வாயைத் திறந்துவிட்ட அதே வேடம் வயோலாவுக்கு வாய்ப்பூட்டு. ஆர்சினோவைக் காதலிக்கிறாள், அவனோ தான் விரும்பும் சீமாட்டி ஒலிவியாவிடம் அவளையே தூது அனுப்புகிறான், ஒலிவியா தூது வந்த 'இளைஞனிடம்' மனதைப் பறிகொடுக்கிறாள். இந்த முடிச்சை அவிழ்க்க என்னால் ஆகாது, காலம்தான் அவிழ்க்க வேண்டும் என்று கைவிரிக்கிறாள் வயோலா. பெண்களின் காதலை ஆர்சினோ மட்டம் தட்டும்போது, தன் தந்தைக்கு ஒரு மகள் இருந்தாள், காதலை வெளியே சொல்லாமலே வாடினாள் என்று தன் கதையையே வேறொருத்தியின் கதையாகச் சொல்கிறாள். அவள் இறந்துவிட்டாளா என்று அவன் கேட்க, தந்தை வீட்டில் இப்போது மகளும் மகனும் நான் ஒருவனே என்று பட்டும் படாமலும் பதில் சொல்கிறாள்.

சாமர்த்தியத்துக்குப் பரிசு என்றால் ரோசலிண்டுக்குத்தான் தருவேன். பையன்களே பெண் வேடம் கட்டிய காலத்தில், ஒரு பையன் ரோசலிண்டாகி, அவள் கானிமீடாகி, கானிமீட் மறுபடி ரோசலிண்டாக நடிப்பது சாதாரண வித்தை இல்லை. ஆனால் நாடகமாக என்னைப் பிடித்து நிறுத்துவது வயோலாதான். ரோசலிண்டின் ஏமாற்றில் பெரிதாக அடிபடுபவர் யாருமில்லை. கானிமீடை விரும்பிய இடைச்சி ஃபீபியும் தன்னைக் காதலிக்கும் இடையன் சில்வியஸுடன் சமாதானமாகிவிடுகிறாள். வயோலா பக்கமோ, ஒலிவியா ஆள் மாறி இரட்டைச் சகோதரன் செபஸ்டியனை மணக்கிறாள். ஆர்சினோ பொறாமையில் சிசாரியோவைக் கொல்லவே துணிகிறான். போதாததற்கு, ஒலிவியாவே காதலித்து எழுதியதுபோல் அவள் பணிப்பெண் மரியா எழுதிய கள்ளக் கடிதத்தை நம்பி மஞ்சள் காலுறை மாட்டிக்கொண்ட காரியஸ்தன் மால்வோலியோவை இருட்டறையில் அடைக்கிறார்கள். 1602 பிப்ரவரியில் லண்டனில் மிடில் டெம்பிள் என்ற சட்டக் கல்விக்கூடத்தில் இந்த நாடகத்தைப் பார்த்த சட்ட மாணவர் ஜான் மானிங்ஹாம், டைரியில் ரசித்து எழுதியது இந்த ஏமாற்றைத்தான். வயோலாவின் பெயர்கூட அதில் இல்லை.

ரோசலிண்ட் பெண்ணுடையில் திரும்பி வந்து, மணம் முடித்து, முடிவுரையும் பேசிவிட்டுப் போகிறாள். வயோலாவுக்கு உடை மாற்றவே வழியில்லை. அவளுடைய பெண்ணுடை கப்பல் தலைவனிடம் இருக்கிறது. அவனோ மால்வோலியோ தொடுத்த வழக்கில் சிறையில் இருக்கிறான். திருமணம் நிச்சயமான பிறகும் ஆர்சினோ அவளை சிசாரியோ என்றே அழைக்கிறான்.