நேட்டாலுக்குக் கப்பலேறிய பூட்டனின் ஊரைக் காசுக்கு விற்கிறார்கள், கவனம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும், அவர்களுக்காக இங்கே ஊர் விசாரித்துக் கொடுக்கும் சொந்தபந்தமும் கார்டு நம்பரைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். இணையத்தில் வம்சாவளி தேடித் தருவதாகச் சொல்லும் சேவைகளில் உருப்படியானவையும் உண்டு. அவை விற்பது பதிவேடுகளைத் தேடும் வசதியை. அவற்றின் நிழலில் ஒதுங்கியிருக்கும் வேறொரு கூட்டம், இலவசமாகக் கிடைப்பதைக் காசாக்கி, கிடைக்கவே கிடைக்காததைக் கற்பனையால் நிரப்பிக் கொடுக்கிறது. கடையின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, இந்தப் பெயரை மூடினால் நாளைக்கு வேறு பெயரில் திறப்பார்கள். சரக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதும்.

'வம்ச வரலாறு' என்று அழகான அட்டையோடு ஒரு பிடிஎஃப் வரும். பாதிப் பக்கங்களில் கரும்புத் தோட்டமும் பாய்மரக் கப்பலும் பற்றிய பொதுக் கதை இருக்கும், யாருக்கு விற்றாலும் அதே கதைதான். அப்புறம் கப்பலேறியவருக்கு மேலே ஆறு தலைமுறை காட்டும் வம்ச மரம். குலதெய்வம், கோத்திரம். கடைசியில், மஞ்சள் கறையேற்றிய 1868-ஆம் வருடப் 'பிறப்புச் சான்றிதழ்', அதில் 'திருவண்ணாமலை மாவட்டம், தமிழ்நாடு' என்று முத்திரை.

முத்திரையில் இருந்தே தொடங்கலாம். தமிழ்நாடு என்ற பெயர் அரசு வழக்குக்கு வந்தது 1969-இல். வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கியது 1989-இல். சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899-இல்தான் வந்தது. 1868-இல் வந்தவாசிப் பக்கம் ஒரு கூலிக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் என்று ஒருவர் நீட்டினால், அது அச்சடித்த பொய். கிறித்தவக் குடும்பமாக இருந்தால் மட்டும் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு என்ற வாய்ப்பு உண்டு. சில போலிச் சான்றிதழ்களில் பின்கோடு எண்கூட இருக்கும். பின்கோடு வந்தது 1972-இல்!

இனி, உண்மையில் என்ன கிடைக்கும்? 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பனுக்கு வந்து சேர்ந்த ட்ரூரோ என்ற கப்பல் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் பகுதியான நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் காலனி எண் என்று ஒரு வரிசை எண் கொடுத்துக் கப்பல் பட்டியலில் எழுதினார்கள். எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம், கப்பல், வேலைக்கு எடுத்த முதலாளி ஆகிய விவரங்கள் இருக்கும். அவ்வளவுதான். குலதெய்வத்துக்குக் கட்டம் கிடையாது. தாத்தா பெயருக்குக் கட்டம் கிடையாது. புகைப்படமும் கிடையாது, படம் எடுத்து வைத்தது மொரீஷியஸில். 'நேட்டால் கப்பல் பட்டியலில் இருந்து உங்கள் பூட்டன் படம்' என்று ஒருவர் அனுப்பினால், அது வேறு யாருடைய பூட்டனோ.

இந்தப் பட்டியலைக் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் கணினியில் ஏற்றி இலவசமாகவே வைத்திருக்கிறது. 'எங்கள் தனிப்பட்ட தரவுத்தளம்' என்று விற்கப்படுவது பல சமயம் இதன் நகல்தான்.

கஷ்டம் பட்டியலில் இல்லை, எந்த வரி நம்முடையது என்று கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. முனியன், முனியம்மா, சின்னசாமி, வீராசாமி என்று ஒரே பெயரில் ஏராளமான பேர். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். சின்னசாமி ஓரிடத்தில் ஆங்கில 'சி'-யில் தொடங்குவார், இன்னோரிடத்தில் 'எஸ்'-ஸில். இன்றைக்கு நாயுடு, கோவெண்டர், பிள்ளை, மூட்லி என்று குடும்பப் பெயராக இருப்பது அன்றைக்குப் பெயர்க் கட்டத்திலேயே இருக்காது, சாதிக் கட்டத்தில் வேண்டுமானால் இருக்கும். சில வீடுகளில் தகப்பன் பெயரே அங்கே போய்க் குடும்பப் பெயராகிவிட்டது. வெள்ளைக்காரக் குடும்பப் பெயரை மனதில் வைத்து எழுதிய வம்சாவளித் தள மென்பொருளுக்கு இது புரியாது. குடும்பப் பெயர் ஒன்று என்றால் ஒரே வம்சம் என்று முடிச்சுப் போட்டு, 'இவர் உங்கள் உறவினராக இருக்கலாம்' என்று குறிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை ஒருவர் சரி என்று தட்டுவார், அவர் மரத்தைப் பார்த்து நாற்பது பேர் எடுத்து ஒட்டுவார்கள். நாற்பது மரத்தில் இருந்தாலும் ஆதாரம் ஒன்றுதான், அதுவும் ஊகம்.

ஆகவே மேலிருந்து இறங்காதீர்கள், கீழிருந்து ஏறுங்கள். முதலில் வீட்டுப் பெட்டியில் உள்ள பழைய கல்யாணப் பதிவு, பிறப்புப் பதிவு, ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுதலைச் சீட்டு எல்லாவற்றையும் பாருங்கள். அவற்றின் ஓரத்தில் காலனி எண் இருக்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் தென்னாப்பிரிக்காவில் இறந்தவருக்கு எழுதும் இறப்பு அறிவிப்பு. அதில் தாய் தகப்பன் பெயர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் எல்லாம் கேட்டு எழுதியிருப்பார்கள். இது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தின் சொத்துக் கோப்புகளில் இருக்கும். காப்பகத்தின் அட்டவணையை இணையத்தில் தேடலாம், எம்.எஸ்.சி.இ. என்ற குறியீடு சொத்துக் கோப்பு, ஐ.ஐ. என்பது இந்தியக் குடிவரவுத் துறைக் கோப்பு. ஃபேமிலிசர்ச் தளத்திலும் நேட்டால் பதிவுகள் கொஞ்சம் உண்டு, கணக்குத் தொடங்கக் காசு இல்லை.

எண் கிடைத்துவிட்டால் அந்த ஒரு வரியோடு நிற்காதீர்கள். முன்னால் பத்து வரி, பின்னால் பத்து வரி படியுங்கள். சேர்ந்து பதிந்த குடும்பத்துக்கு எண்கள் அடுத்தடுத்து வரும்: புருஷன் ஒரு எண் என்றால் அடுத்தது மனைவி, அதற்கடுத்தது கைப்பிள்ளை. ஒரே ஊரில் இருந்து கூட வந்தவர்களும் பக்கத்தில் இருக்கக்கூடும். உங்கள் வரியில் கிராமத்தின் பெயர் சிதைந்திருந்தால், பக்கத்து வரியில் அதே ஊர் கொஞ்சம் திருத்தமாக எழுதப்பட்டிருக்கலாம். போலியைப் பிடிக்கவும் இதே வழி உதவும். எண்கள் கப்பல் வந்த வரிசையில் ஓடுகின்றன. அறிக்கையில் உள்ள எண்ணும் கப்பலும் வருடமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லையென்றால், அந்த எண் வேறொருவருடையது.

ஊர்ப் பெயரை இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடினால் ஏமாறுவீர்கள். பட்டியலில் வட ஆற்காடு என்றிருந்தால் அது இன்றைக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை, ஆந்திரத்துச் சித்தூர் இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். தாலுகாதான் கைகொடுக்கும்: வந்தவாசி, போளூர் என்றால் திருவண்ணாமலை, குடியாத்தம் என்றால் வேலூர், வாலாஜா என்றால் ராணிப்பேட்டை.

இந்த இடத்தில்தான் இரண்டாவது வலை விரிகிறது. 'உங்கள் பூட்டன் பெயரில் நிலம் இருக்கிறது, பட்டா எடுத்துத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்.' கூலிக்குக் கப்பலேறியவர்களில் பலர் நிலமே இல்லாதவர்கள், அல்லது பஞ்சத்தில் இழந்தவர்கள். இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும் கேட்க வேண்டியது புல எண் (சர்வே நம்பர்). மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் தெரிந்தால் பட்டாவையும் கிராம நில விவரங்கள் உள்ள 'அ' பதிவேட்டையும் தமிழ்நாடு அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். புல எண் சொல்லத் தயங்குபவருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

டிஎன்ஏ சோதனை பற்றியும் ஒரு வார்த்தை. எச்சிலைப் பார்த்து ஊர் சொல்ல முடியாது, 'தென்னிந்தியா' என்பதைத் தாண்டி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அத்தை மகள், மாமன் மகள் கட்டும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்களில், பகிர்ந்த மரபணு அளவு கணக்குக்கு மேல் ஏறி நிற்கும். கணினி 'மூன்றாம் மட்டத்து உறவு' (தேர்ட் கசின்) என்று காட்டுபவர் நிஜத்தில் இன்னும் தூரத்துச் சொந்தமாக இருப்பார்.

சந்தா விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் நல்ல தளங்களிலும் ஆட்கள் மாட்டுவது இங்கேதான். இலவசச் சோதனைக் காலத்துக்குக் கார்டு கேட்டால், அது முடிந்ததும் முழு வருடச் சந்தாவும் ஒரே அடியாகப் போகலாம். பதிவு செய்த அன்றைக்கே ரத்து செய்யுங்கள். பெரும்பாலும் மிச்ச நாட்களுக்கு வசதி தொடரும், தொடருமா என்று அந்தப் பக்கத்திலேயே படித்துக்கொள்ளுங்கள். செயலியை அழிப்பது ரத்து ஆகாது. மரத்தை அழிப்பதும் ஆகாது. செல்பேசிச் செயலிக் கடை வழியாகக் கட்டியிருந்தால் அந்தக் கடையின் சந்தாப் பக்கத்தில்தான் நிறுத்த முடியும். ரத்து உறுதி மின்னஞ்சல் வரும் வரை நம்பாதீர்கள். வெளியேறும் முன் மரத்தைக் கெட்காம் (எந்த வம்சாவளித் தளத்திலும் ஏற்றக்கூடிய பொது வடிவம்) கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். அதில் பெயரும் தேதியும் உறவும் வரும், படங்கள் வராது, அவற்றைத் தனியாகச் சேமிக்க வேண்டும்.

தனி ஆராய்ச்சியாளரை அமர்த்துவதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்: ஒவ்வொரு தகவலுக்கும் காப்பகத்தின் கோப்பு எண், வெட்டாத முழுப் பக்கப் படம், தேடிக் கிடைக்காதவற்றின் பட்டியல். மூன்றாவதைக் கேட்டதும் போலிகள் காணாமல் போய்விடுவார்கள். நேர்மையாக வேலை செய்பவருடைய அறிக்கையில் 'கிடைக்கவில்லை' என்ற வரிகள்தான் அதிகம் இருக்கும்.

பணம் போய்விட்டது என்றால் அறிக்கை, விளம்பரம், உரையாடல், ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவியுங்கள். இந்தியாவில் இருந்து அனுப்பியவர்கள் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அன்றைக்கே அழைக்க வேண்டும், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடிவது அப்போதுதான். அந்தப் பொய்ச் சான்றிதழை வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டைக்கான விண்ணப்பத்தோடு ஏற்கெனவே இணைத்திருந்தால், உடனே வழக்கறிஞரைப் பார்த்துத் திரும்பப் பெறப் பாருங்கள். போலி ஆவணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர்.