அலைனரும் நாலு மணி டீயும்

கூட வேலை பார்க்கும் பெண் போன வாரம் கேட்டாள்: "அக்கா, பல்லுக்குக் கிளிப் போடவா, அலைனர் போடவா?" அலைனர் என்பது பல்லை வரிசையாக்க, பல் மேல் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் ட்ரே. நான் அதை முடித்து ஐந்து மாதம் ஆகிறது. மொத்தம் நாற்பது செட், பதினான்கு மாதம். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. பல் வரிசையானதோடு கடைவாயில் ஒரு சொத்தையும் சேர்ந்து வந்ததுதான் காரணம்.

ஒரு நாளில் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் தருகிறார்கள். மிச்சம் இரண்டு மணி நேரம் தாராளம் என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு 80 நிமிடம். ஒவ்வொரு முறையும் துலக்கிவிட்டு மாட்ட, எல்லாம் சேர்த்து 15. மீதி 25 நிமிடத்துக்குள் பதினொரு மணி டீ, நாலு மணி டீ இரண்டும் முடிய வேண்டும். டீக்கடையில் வடைச் சட்டி பக்கத்தில் நின்றுகொண்டு, எச்சில் நூலாக நீள, வாய்க்குள் விரலை விட்டு ட்ரேயைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். ஒரு நாள் டிஷ்யூவில் சுற்றி வைத்த ட்ரேயை, வடை வாங்கிய காகிதத்தோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் ஒழுங்காக இருந்தேன். அப்புறம் டீயை ஆறவைத்து ட்ரேயோடே குடிக்க ஆரம்பித்தேன். சூடு பட்டால் ட்ரே நெளிந்துவிடும் என்ற எச்சரிக்கையை மட்டும் மதித்தேன்! ட்ரே மஞ்சளானது. பத்து நாளில் மாற்றப்போவதுதானே, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாவது மாதம் டாக்டர் மேல் கோரைப்பல்லைக் காற்றுக் குழாயால் உலர்த்திவிட்டு என் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். ட்ரே பிடித்து நிற்பதற்காகப் பல்லில் ஒட்டிய பொட்டைச் சுற்றி, சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளையாக ஒரு பிறை. ஈரமாக இருந்தவரை அது என் கண்ணில் படவே இல்லை. கடைவாய்ப் பல்லின் பள்ளத்திலோ பழுப்பாகக் குழியே விழுந்திருந்தது.

"டீ குடிப்பீங்களா?"

"ரெண்டு வேளை."

"ட்ரேயோடயா?"

நான் பதில் சொல்லவில்லை.

சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்குகின்றன. பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று காட்டும் எண்) 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல் உறையான எனாமல் கரையத் தொடங்கும். சாதாரணமாக அரை மணி, ஒரு மணி நேரத்தில் உமிழ்நீர் அதைச் சமன்செய்து, கரைந்த தாதுவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். ட்ரே மாட்டியிருந்தால் டீ எப்படியோ ஓரத்தில் கசிந்து உள்ளே போய்விடுகிறது, உமிழ்நீர் மட்டும் போய் அலச முடிவதில்லை. நாலு மணி டீயில் என் பல் ராத்திரிச் சாப்பாடு வரை ஊறிக் கிடந்திருக்கிறது. சர்க்கரை கம்மியாகத்தான் போடச் சொல்வேன் என்று வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை.

வீட்டில் வாங்கும் மூலிகைப் பேஸ்ட்டைப் புரட்டிப் பார்த்தால் அதில் எனாமலைக் காக்கும் ஃபுளோரைடு என்ற பேச்சே இல்லை. 1000 பிபிஎம் உள்ளதற்கு மாறினேன். துலக்கியதும் நுரையைத் துப்புவதோடு சரி, கொப்பளிப்பதில்லை. முதல் வாரம் வாய் பிசுபிசுவென்று இருந்தது, பிறகு பழகிவிட்டது. பல்லிடுக்குக்கு ராத்திரி நூல். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் பல் மேல் பூசிக்கொள்ளும் ஃபுளோரைடு வார்னிஷ். ட்ரேயைப் பேஸ்ட் போட்டுத் தேய்க்கக் கூடாது, கீறல் விழும். பச்சைத் தண்ணீரும் கொஞ்சம் திரவ சோப்பும் போதும். டீக்குக் கழற்றியபின் துலக்க வழியில்லாத நாளில் நன்றாகக் கொப்பளித்துவிட்டாவது மாட்டினேன். சொத்தையை அடைத்ததும் அந்த இடத்தில் ட்ரே சரியாக உட்காராமல், அடைப்பை மேலாகத் தேய்க்க வேண்டியிருந்தது தனிக் கதை.

அலைனர் மேல் பழி போட எனக்கு ஆசைதான், ஆனால் முடியவில்லை. கம்பி குத்திய புண் ஒரு நாள் கூட வந்ததில்லை. கோகுலாஷ்டமிச் சீடையைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாகக் கடித்தேன். கிளிப் போட்ட அக்கா மகன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். துலக்கச் சோம்பல்பட்டே சாயங்காலக் கொறிப்பும் நின்றது. பல் வரிசையைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது, போட்டோவில் இப்போது வாயைத் திறந்து சிரிக்கிறேன்.

இவ்வளவுக்கும் அவளிடம் கிளிப்பே போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன். கிளிப்பைச் சுற்றியும் அதே வெள்ளைப் பிறை வரும், இன்னும் சுலபமாகவே வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளும் என்னோடு டீக்கு வருகிறவள். மூன்று டீ குடிப்பாள், அதுவும் ஸ்ட்ராங்காக, சர்க்கரை தூக்கலாக.