நாய்க்கு இடையில் என்ன கொடுக்கலாம்: கடைத் தீனியா, வீட்டுத் தீனியா, நம் தட்டில் இருப்பதா?

நாய்க்கு இடையில் கொடுக்கும் தீனியை நம் வீடுகளில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. காலை டீயோடு இரண்டு பிஸ்கட், மதியம் குழம்பில் கிடந்த கறித்துண்டு, சாயங்காலம் கடையில் வாங்கிய ஸ்டிக். இவ்வளவுக்கும் பிறகு கிண்ணம் நிறைய வழக்கமான சாப்பாடு. இந்தத் தீனி ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. கருத்தடை செய்த, 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி போதும். அப்படியானால் தீனிக்கு 60. அந்த 60-ஐ எதில் கொடுப்பது?

குளுக்கோஸ் பிஸ்கட் என்றால் மூன்றோடு முடிந்தது. ஒன்றில் 20 கலோரிக்கு மேல் இருக்கிறது. உள்ளே இருப்பது மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான். தெருநாய்க்குப் பசியாற்ற அன்போடு போடுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேளாவேளைக்குச் சாப்பிடும் வீட்டு நாய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை. 'சர்க்கரை இல்லாதது' என்று அட்டையில் போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சைலிடால் என்ற இனிப்பைச் சேர்த்திருந்தால் சிறிதளவே நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும்.

கடையில் நாய்க்கென்றே விற்கும் தீனிக்கு இரண்டு நல்ல குணங்கள் உண்டு. பல பாக்கெட்டுகளில் கலோரி அளவு போட்டிருப்பார்கள், மாதக்கணக்கில் கெடாது. வெளியூர்ப் பயணத்துக்கு அதுதான் வசதி. எனக்குத் தயக்கம் உலர்த்திய கோழிக்கறி ஸ்டிக்கில்தான். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத்துக்கு 2007 முதல் இவற்றைப் பற்றிப் புகார்கள் வந்தன. பெரும்பாலானவை சீனாவில் தயாரானவை. 2014-க்குள் புகார்களில் சொல்லப்பட்ட நாய்களின் சாவு மட்டும் ஆயிரத்தைத் தாண்டியது. பல நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தும் காரணம் இதுதான் என்று உறுதியாகவில்லை. எல்லா ஸ்டிக்கும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கே, எதில் செய்தது என்று தெரியாத பாக்கெட்டை நான் வாங்க மாட்டேன்.

நம் தட்டிலிருந்து கொடுப்பதுதான் இருப்பதிலேயே மோசம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அறிகுறி தெரியச் சில நாள் ஆகலாம் என்பதால், நாய் சோர்ந்து படுக்கும்போது ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு யார் நினைவுக்கும் வராது. பாயசத்திலும் கேசரியிலும் இருக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடியது, இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். 'காலங்காலமா போடுறோமே, ஒண்ணும் ஆகலையே' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களோடு வாதாடுவதைவிட, கொடுக்கத் தகுந்ததை ஒரு டப்பாவில் போட்டு அவர்கள் கையிலேயே தந்துவிடுவது நல்லது.

அந்த டப்பாவில் என்ன வைக்கலாம்? என் முதல் தேர்வு கேரட். 100 கிராமில் 40 கலோரிதான். 60 கலோரிக்குள் 150 கிராம் வரை போகும், அதாவது குட்டிக் குட்டியாக நறுக்கினால் நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். எடை ஏறிய லாப்ரடாருக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. வேகவைத்த பரங்கிக்காயும் அப்படியே. சர்க்கரைவள்ளிக்கிழங்கில் கலோரி ஏறக்குறைய இரு மடங்கு, அளவைப் பாதியாக்கினால் சரி. முட்டையை வேகவைத்தே கொடுக்க வேண்டும்; முழு முட்டை 70 கலோரியைத் தொடும் என்பதால் 10 கிலோ நாய்க்குப் பாதி போதும்.

கோழி ஈரலைக் கண்டால் எந்த நாயும் சொன்ன பேச்சைக் கேட்கும். பழக்குவதற்கு அதற்கு நிகரே இல்லை. ஆனால் அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். தினமும் நிறையக் கொடுத்தால் உடம்பில் சேர்ந்து காலப்போக்கில் எலும்பையும் மூட்டையும் பாதிக்கும். வாரத்தில் ஓரிரு நாள், சுண்டுவிரல் நக அளவுத் துண்டுகளாகக் கொடுத்தால் போதும். நாய்க்குத் துண்டின் அளவைவிட எத்தனை முறை கிடைக்கிறது என்பதுதான் பெரிது.

வீட்டில் செய்துவிட்டாலே எல்லாம் நல்லதாகிவிடாது. கோதுமை மாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்துச் சுட்ட பிஸ்கட், கடைப் பிஸ்கட்டுக்கு எந்த விதத்திலும் மேல் இல்லை. மொட்டை மாடியில் பச்சைக் கோழியைக் காயவைப்பதும் ஆபத்து, வெயில் சூட்டில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி சாகாது. முதலில் நன்றாக வேகவைத்துவிட்டு, அப்புறம் ஓவனில் உலர்த்த வேண்டும். உப்பு, மசாலா எதுவும் கூடாது. வீட்டில் கறி சமைக்கும் நாளில் மசாலா தடவுவதற்கு முன்பே நாலு துண்டைத் தனியே எடுத்து வேகவைத்தால் தனி வேலையே இல்லை. ஃபிரிட்ஜில் மூன்று நாள் வரை வைக்கலாம். அதற்கு மேல் தேவையென்றால் ஃப்ரீஸரில்தான்.

இவ்வளவும் அந்த 10 சதவீதத்துக்குள் இருக்கும்வரைதான். வீட்டுத் தீனி நல்லது என்று கறியையும் சோற்றையுமே முக்கியச் சாப்பாடாக்கினால் கால்சியம் குறையும், வளரும் குட்டிகளுக்கு எலும்பு வளைந்துவிடும். தீனி கொடுத்த நாளில் கிண்ணத்தில் அந்த அளவைக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், கணைய அழற்சி உள்ள நாய் என்றால் கேரட்டைக்கூட மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.