12 மணி நேரப் பாடம், 2 நிமிட வால்ட்ஸ்

கண்டியில் நாங்கள் போகும் பால்ரூம் நடன வகுப்பின் பெயரை எழுதப்போவதில்லை. மாஸ்டர் நல்ல மனுஷர், இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டிவிடுவார்கள். வருடக் கடைசியில் அவர் நடத்தும் ஷோகேஸில் சேரலாமா, அதற்காகத் தனிப்பாடத்துக்குக் கட்டும் காசு தகுமா என்று இதுவரை மூன்று பேர் என்னிடம் கேட்டாயிற்று. மூவருக்கும் மூன்று விதமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். இனி இதுதான் பதில்.

நான் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் டீ மேக்கர், வயது 51. மனைவி மிட்வைஃப். இரண்டு வருடமாக மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என்று மூன்று மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிப் போய் வருகிறோம். அந்த வளைவுகளில் பழகியதாலோ என்னவோ, வால்ட்ஸில் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் எனக்குத் தலை சுற்றியதில்லை.

ஷோகேஸ் என்றால் உங்கள் சோடி மட்டும் தரையில் நிற்கும், மற்றவர்கள் மேசையில் இருந்து பார்ப்பார்கள். அதற்கென்று ஒரு பாட்டு, அதற்கென்று கோர்த்த அடிகள். எங்களுக்கு 45 நிமிடப் பாடம் 16 பிடித்தது. பாடத்துக்கு 3,500 ரூபாய் வீதம் 56,000. நிகழ்ச்சிக் கட்டணம் 15,000. சட்டை, கவுன், சப்பாத்துக் கணக்கை நான் கூட்டிப் பார்க்கவில்லை, வீட்டில் நிம்மதி வேண்டும்.

அந்த 16 பாடமும் எங்கே போனது என்பதுதான் விஷயம்.

ஒன்று பாட்டுக்கே போனது. வால்ட்ஸ் நிமிடத்துக்கு 28 முதல் 30 பார் ஓட வேண்டும், மூன்று எண்ணிக்கை சேர்ந்தால் ஒரு பார். மனைவி ஆசைப்பட்ட பாட்டு 34 ஓடியது. மெதுவாக்கிப் பார்த்தோம், பாடகர் வயிற்றுவலிக்காரர் மாதிரி இழுத்தார். கடைசியில் வேறு பாட்டு. வீட்டிலேயே கைக்கடிகாரத்தை வைத்து எண்ணியிருந்தால் 3,500 மிச்சம்.

ஆறு பாடம் மனப்பாடத்துக்கு. நேச்சுரல் டர்ன், ரிவர்ஸ் டர்ன், விஸ்க், ஷாஸே என்ற அடிகள் எல்லாம் வகுப்பில் படித்தவைதான். ஆனால் எந்த மூலையில் எது, எதற்குப் பின் எது என்று 58 பார் நினைவில் நிற்க வேண்டுமே. இதற்கு மாஸ்டர் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. முதல் நாளே முழுவதையும் அவரை ஆடச் சொல்லி போனில் பிடித்துக்கொண்டு வந்திருக்கலாம். நாலாம் பாடத்தில்தான் அந்தப் புத்தி வந்தது.

மூன்று பாடம் முடிவில் வரும் ஒரு டிப்புக்கு. அவளை என் கையில் சாய்த்து நிறுத்த வேண்டும். இங்கிலாந்தில் 1920இலிருந்து நடக்கிற பிளாக்பூல் நடன விழாவின் வீடியோக்களை மாஸ்டர் காட்டிக் காட்டி ஆசையேற்றிவிட்டார். அந்த வீடியோக்களில் ஆடுகிறவர்களுக்கு 25 வயது. மூன்றாம் பாடத்தில் அவள், "என்னங்க, நாளைக்கு நான் டியூட்டிக்குப் போகணும்" என்றாள். டிப் அன்றோடு போயிற்று. சாதாரணமாக நின்று தலை வணங்கி முடித்தோம்.

மிச்சம் ஆறு. காசுக்கு வேலை நடந்தது இந்த ஆறில்தான். வகுப்பில் பத்துப் பன்னிரண்டு சோடி, மாஸ்டர் ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை நம்மிடம் வந்தால் பெரிது. தனிப்பாடத்தில் ஒரே எட்டு பாரை முப்பது தடவை ஆட வைத்தார். "ஏகாய், தெகாய், துனாய்" என்று சிங்களத்தில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவார். நான் இரண்டு வருடமாக 'ஏகாய்' சொன்னதுமே எழும்பிக்கொண்டிருந்திருக்கிறேன், கொழுந்து வாடுவதற்கு முன் ரோலரில் போட்ட மாதிரி. ஒன்றின் கடைசியில்தான் எழும்பத் தொடங்க வேண்டும், இரண்டிலும் மூன்றிலும் எழும்பிக்கொண்டே போய், மூன்றின் கடைசியில் முழங்காலை இளக்கி இறங்க வேண்டும். இது பிடிபட்ட அன்று மனைவி, "இப்பதான் உங்களோட ஆடுற மாதிரி இருக்கு" என்றாள். ஷோகேஸ் தேதி தலைக்கு மேல் நிற்காவிட்டால் ஒரே எட்டு பாரை முப்பது தடவை ஆட நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

வீட்டுப் பயிற்சிக்கு இடம் போதாது. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் இரண்டு தொட்டிகளுக்கு நடுவே நேர்ப்பாதை ஒன்று நீளமாகப் போகிறது. கொழுந்து இல்லாத ஞாயிறுகளில் அங்கேதான் குதிகாலை முதலில் வைத்து நடந்து பழகினேன். பெரிய துரைக்கு (தோட்ட மேனேஜர்) தெரியாது.

தரை பற்றி யாரும் சொல்லித்தரவில்லை. மாஸ்டரிடம் டைல்ஸ், நிகழ்ச்சி மண்டபத்தில் மெழுகு போட்ட பலகை. எங்கள் சப்பாத்தின் அடி சுவேட் தோல், மழை ஈரம் ஆகாது, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து வைக்க வேண்டும். முதல் சுற்றிலேயே வழுக்கியது. என் தாத்தா துரைமார் கிளப் ஒன்றில் இதே மாதிரிப் பலகைக்கு மெழுகு பூசி, தேங்காய் மட்டையைக் காலுக்கடியில் வைத்துத் தேய்த்தவர். இன்னும் கொஞ்சம் குறைவாகத் தேய்த்திருக்கலாம் தாத்தா என்று நினைத்துக்கொண்டே ஆடினேன்.

ஆடி முடித்தோம். நடுவில் நான் விஸ்க் போக அவள் ஷாஸே போனாள், மாஸ்டரைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. கைதட்டல் நன்றாகவே இருந்தது.

பிறகு எல்லோருக்குமான ஆட்டம். வகுப்பில் கூடப் படிக்கும் ஒரு அக்காவோடு வால்ட்ஸுக்கு இறங்கினேன். நான் திரும்புகிறேன், அவர் நிற்கிறார். அவர்மேல் தப்பில்லை. நாலு மாதமாக மனைவிக்கு அடுத்த அடி மனப்பாடம், நான் உடம்பால் வழி சொல்லவே தேவையில்லாமல் போயிருந்தது. தனக்குத் தெரிந்த பாதையில் அவள் போனாள், நான் கூடப் போனேன். இரண்டு வருடமாக வகுப்பில் சேர்த்ததில் பாதி கரைந்திருந்தது. திரும்பப் பிடிக்க இரண்டு மாதம் ஆனது.

அதனால் வகுப்புக்கு வந்து ஒரு வருடம் ஆகாதவர்கள் சேர வேண்டாம். சேர்ந்தால் தெரிந்த அடிகளை மட்டும் கோர்க்கச் சொல்லுங்கள், பாட்டை முதலே முடிவு செய்யுங்கள், வாரத்தில் ஒரு தடவையாவது வேறு ஆளோடு ஆடுங்கள். அப்படியென்றால் எட்டுப் பாடம் போதும், அந்த எட்டும் தகும். எங்கள் 16 தகவில்லை.

இப்போது மாஸ்டர் ஸ்லோ ஃபொக்ஸ்ட்ரொட் என்ற ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறார். மனைவி குதிகாலில் திரும்பும் ஹீல் டர்னோடு மல்லுக்கட்டுகிறாள். போன சனிக்கிழமை இடைவேளையில் இருவரும் ஏதோ தேதி பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டிப் கிடையாது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.