மைக் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது? எங்கள் ஊருக்கு வந்த பேரிடர் பயிற்சி பற்றி

வேளாங்கண்ணிக்குத் தெற்கே, வேதாரண்யம் போகிற வழியில் இருக்கும் ஒரு மீனவ ஊர் எங்களுடையது. 2023இல் ஒரு தொண்டு நிறுவனம் வந்து எங்கள் ஊரில் மூன்று நாள் பேரிடர் தயார்நிலைப் பயிற்சி கொடுத்தது. பணம் எதுவும் வாங்கவில்லை. பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்தார் "நாங்களும் கூப்பிடலாமா, பிரயோஜனமா இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் நல்லது கெட்டது இரண்டையும் எழுதிவிடுகிறேன். குறைகளும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

முதலில் அந்தச் சாவி விஷயம். இரண்டாம் நாள் காலையில் பயிற்சியாளர் நல்லவாடு கதையைச் சொன்னார். புதுச்சேரி பக்கத்து மீனவ ஊர், 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பையன் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டுச் சொல்ல, ஊர்க்காரர்கள் அங்கிருந்த தகவல் மையத்துக்கு ஓடி, கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்துக் கொடுத்த மையம் அது, தினமும் அலை உயரம் சொல்லப் பயன்பட்ட அதே ஒலிபெருக்கி. வீடும் படகும் போயின, ஊர் ஜனம் பிழைத்தது. சுமத்ராவில் நிலம் ஆடியது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு, அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் நாகை மாவட்டத்தில் யாரும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை, ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள், அதில் என் சித்தியும் ஒருத்தி.

கதையை முடித்துவிட்டு அவர் எங்கள் தலைவரைப் பார்த்து, "ஐயா, உங்க ஊர் மைக் ரூம் சாவி இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். ஒரே ஒரு சாவிதான், கோயில் கணக்குப் பிள்ளையிடம். அவர் அன்றைக்கு நாகப்பட்டினம் போயிருந்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அன்று சாயங்காலமே மூன்று சாவி செய்தோம், ஒன்று கரையோரத் தெருவில் ஐஸ் பெட்டி வைத்திருக்கும் அக்காவிடம், ஏனென்றால் அவர்தான் ராத்திரி பகல் எந்நேரமும் ஊரில் இருப்பவர். மூன்று நாளில் இதை மட்டும் செய்திருந்தாலே நான் அந்த நிறுவனத்துக்கு நன்றி சொல்லியிருப்பேன்.

அடுத்து மனதில் நிற்பது வரைபடம். கோலமாவை எடுத்து ஊரையே தரையில் வரையச் சொன்னார்கள். ஆம்பளைகள் வரைந்ததில் படகுத்துறை, ஏலக்கூடம், கோயில் எல்லாம் பெரிசாக இருந்தன. பெண்கள் வரைந்தபோதுதான் எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி, எந்த வீட்டில் பிள்ளைத்தாச்சி, எந்தச் சந்தில் மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் என்பது வந்தது. அதை வைத்து இன்னார் வீட்டுக்கு இன்னார் போக வேண்டும் என்று பெயர் எழுதினோம். அப்புறம் ஒத்திகை. கரையிலிருந்து புயல் பாதுகாப்பு மையத்துக்கு எல்லோரும் நடந்தோம், மூங்கிலும் வேட்டியும் வைத்துக் கட்டிய ஸ்ட்ரெச்சரில் ஒரு தாத்தாவைத் தூக்கிக்கொண்டு. வழியில் ஒரு இடத்தில் வேலி, ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. மறுநாளே வேலியைத் தள்ளிப் போட்டார்கள். காலி தண்ணீர் கேனை வயிற்றில் கட்டி மிதப்பது, மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்துவது எல்லாம் பையன்கள் ஆசையாகக் கற்றுக்கொண்டார்கள்.

சரி, குறைகள். பயிற்சி நேரம் காலை பத்து முதல் மாலை நான்கு. மீன் விற்கிற அம்மாக்கள் கூடையோடு போய்விட்டுத் திரும்பும் நேரம் அது, முதல் நாள் அவர்களில் ஒருவர்கூட இல்லை. நாங்கள் சத்தம் போட்ட பிறகுதான் வரைபட வேலையைச் சாயங்காலத்துக்கு மாற்றினார்கள். மெகாபோன், லைஃப் ஜாக்கெட், கயிறு, மரம் அறுக்கும் மெஷின் எல்லாம் கொடுத்தார்கள் (கஜாவில் மரம் விழுந்து ரோடு அடைத்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த மெஷினின் அருமை தெரியும்), ஆனால் பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு வருடத்தில் மெகாபோன் பேட்டரி கசிந்து வீணாகிவிட்டது. மறுபயிற்சிக்கு வருகிறோம் என்றார்கள், இதுவரை வரவில்லை.

பெரிய குறை வேறு. எல்லாமே கரையில் இருப்பவர்களுக்கான பயிற்சி. 2017 ஒக்கியில் கன்னியாகுமரிக்காரர்கள் ஆழ்கடலில் மாட்டிக்கொண்டபோது கரையில் எத்தனை மைக் இருந்து என்ன செய்திருக்க முடியும்? தொழிலுக்குப் போன படகுக்கு யார் சொல்வது, எந்தச் சேனலில் சொல்வது, எந்தப் படகு எந்தத் திசையில் போயிருக்கிறது என்று யார் எழுதி வைப்பது, இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. அப்புறம் நாங்களே ஏலக்கூடத்தில் ஒரு நோட்டு வைத்தோம். படகு, ஆட்கள், போகிற திசை, திரும்பும் நாள்.

2024 நவம்பரில் ஃபெஞ்சல் வந்தபோது இதெல்லாம் சோதனைக்கு வந்தது. அந்தப் புயல் நாள்கணக்கில் கடலிலேயே நின்று நின்று நகர்ந்தது, வலுவாகுமா ஆகாதா என்று அறிவிப்பும் மாறிக்கொண்டே இருந்தது, கடைசியில் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. எங்களுக்கு மழைதான், காற்று பெரிதாக இல்லை. ஆனாலும் ஐஸ் பெட்டி அக்கா தினம் மூன்று வேளை மைக்கில் வானிலை அறிக்கையைப் படித்தார், தாழ்வான சந்தில் இருந்த நான்கு குடும்பத்தைப் பையன்கள் யாரும் சொல்லாமலே போய்க் கூட்டி வந்தார்கள். நோட்டைப் பார்த்து, திரும்பாத ஒரு படகுக்கு வயர்லெஸில் சொல்லி அதுவும் நேரத்துக்குக் கரை சேர்ந்தது.

ஒடிசாவில் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்று இரண்டு கடலோர ஊர்களை 2020இல் யுனெஸ்கோ 'சுனாமிக்குத் தயாரான ஊர்' என்று அங்கீகரித்தது. ஊரின் ஆபத்து வரைபடத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பது, ஒத்திகை தொடர்ந்து நடத்துவது எல்லாம் அதற்கான நிபந்தனைகள். எங்கள் கோலமாவு வரைபடம் மறுநாள் மழையில் போய்விட்டது. போட்டோ மட்டும் என் போனில் இருக்கிறது, அதைப் பெயிண்டில் ஏலக்கூடத்துச் சுவரில் எழுத ஊரில் இப்போது வசூல் நடக்கிறது.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. பக்கத்து ஊர்க்காரர்கள் தாராளமாகக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போதே மூன்று விஷயம் பேசிவிடுங்கள்: நேரம் மீன்காரம்மாக்கள் ஊரில் இருக்கும் நேரமாக இருக்கட்டும், மறுபயிற்சித் தேதியை எழுதி வாங்குங்கள், ஒரு முழு நாளைக் கடலில் இருப்பவர்களுக்காகக் கேளுங்கள். வரைபடத்தின் போட்டோ வேண்டுமென்றால் அனுப்புகிறேன், எப்படி வரைவது என்பதற்கு மாதிரியாக இருக்கும்.